அப்பாவின் நோட்டில் சேர்ந்த பெயர்கள்: பிலடெல்பியா முதல் யார்க்டவுன் வரை ஐந்து நாள்

முதல் நாள், அக்டோபர் 14, பிலடெல்பியா

அப்பா கடலூரில் 32 வருடம் வரலாறு எடுத்தவர். அமெரிக்க சுதந்திரப் போர் பாடத்தை எத்தனை தடவை நடத்தியிருப்பார் என்று அவருக்கே கணக்கு தெரியாது. நானும் அவரிடம்தான் படித்தேன், வகுப்பில் ‘சார்’ என்றுதான் கூப்பிட வேண்டும். கரும்பலகையின் இடது ஓரத்தில் வாஷிங்டன், ஜெபர்சன், பிராங்க்ளின், ஆடம்ஸ், ஹாமில்டன் என்று ஐந்து பெயர் எழுதி அடியில் ஒரு கோடு போடுவார், அந்தக் கோடு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. இப்போது நியூ ஜெர்சியில் என் வீட்டுக்கு வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. நயாகரா போகலாமா என்று கேட்டேன். “அருவி எங்கேயும் போயிடாதும்மா. பிலடெல்பியா இங்கேருந்து எவ்வளவு தூரம்?” என்றார். சரி என்று ஐந்து நாள் லீவு போட்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, பேரனோடு வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்று புளியோதரை கட்டிக் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு நாளும் ராத்திரி ரூமுக்கு வந்ததும் எழுதிப் போடுகிறேன், களைப்பில் எழுதுவதால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

காலை பத்து மணிக்கு இன்டிபென்டன்ஸ் ஹால். டிக்கெட் முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிட வேண்டும், இன்ன நேரம் என்று குறித்துத் தருவார்கள். செங்கல் கட்டடம், அந்தக் காலத்தில் பென்சில்வேனியா மாகாணத்தின் சட்டசபை. உள்ளே அந்த அறை நான் நினைத்ததைவிடச் சின்னது. பச்சைத் துணி போர்த்திய மேசைகள், மேசைக்கு மேசை இறகுப் பேனா, நடுவில் தலைவருக்கு உயரமான ஒரு நாற்காலி. கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம்தான் நாம் நிற்க வேண்டும். 1776 ஜூலை 2 அன்று பிரிட்டனை விட்டுப் பிரிவது என்று ஓட்டுப் போட்டது இங்கேதான், ஜூலை 4 அன்று பிரகடனத்தை ஏற்றதும் இங்கேதான். பெரும்பாலானோர் கையெழுத்துப் போட்டது ஆகஸ்ட் 2. மொத்தம் 56 பேர். பதினொரு வருடம் கழித்து அரசியல் சாசனம் எழுதக் கூடியதும் இதே அறை.

அப்பாவின் கண் அந்த நாற்காலியை விட்டு நகரவில்லை. அறையில் இருக்கும் மற்ற சாமான்கள் பெரும்பாலும் அந்தக் காலத்தவை, ஆனால் இந்த அறையிலேயே இருந்தவை அல்ல. அந்த நாற்காலி மட்டும் வாஷிங்டன் உட்கார்ந்த அதே நாற்காலி. முதுகுச் சட்டத்தின் உச்சியில் பாதிச் சூரியன் செதுக்கி, பொன் பூசியிருக்கிறது. 1787 செப்டம்பர் 17, சாசனத்தில் கையெழுத்துப் போடும்போது பிராங்க்ளினுக்கு 81 வயது. இத்தனை நாளாக இந்தச் சூரியனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், உதிக்கிறதா மறைகிறதா என்று சொல்லத் தெரியவில்லை, இது உதயசூரியன்தான் என்று இப்போது தெரிகிறது என்றாராம். அந்தக் கூட்டத்தில் இருந்த ஜேம்ஸ் மாடிசன் அதைக் குறித்து வைத்ததால் நமக்குக் கிடைத்தது. “இதை நான் கதையா சொல்லியிருக்கேன், நாற்காலி இருக்கும்னு நினைக்கவே இல்ல” என்றார் அப்பா. குரல் கொஞ்சம் அடைத்திருந்தது.

அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி, ஏழாவது தெருவும் மார்க்கெட் தெருவும் சேரும் மூலையில் ஜெபர்சன் வாடகைக்கு இருந்து பிரகடனத்தை எழுதிய வீடு. பழைய வீட்டை 1883இல் இடித்துவிட்டார்கள், இப்போது நிற்பது 1975இல் திரும்பக் கட்டியது, அதனால் வெளியே நின்று பார்த்தால் போதும். அப்போது ஜெபர்சனுக்கு 33 வயது. மாடியில் இரண்டு அறை. கூட ஒரு பையன் இருந்தான், பெயர் ராபர்ட் ஹெமிங்ஸ், வயது 14. ஜெபர்சனின் அடிமை, அவர் மனைவியின் தகப்பனாருக்கு அடிமைப் பெண்ணிடம் பிறந்தவன், அதாவது உறவுமுறையில் மைத்துனன். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற வரி அந்த வீட்டில் எழுதப்பட்டபோது எடுபிடி வேலைக்கு அந்தப் பையன்தான். இதை நான் போனில் படித்துச் சொன்னேன். அப்பா, “பதினாலா? ஒன்பதாம் வகுப்புப் பையன்” என்றார். நோட்டை எடுத்தார். அவர் எங்கே போனாலும் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும், அதில் எழுதிக்கொண்டார்.

மதியம் லிபர்ட்டி பெல். லண்டனில் வார்த்து 1752இல் வந்த மணி, முதல் தடவை அடித்துப் பார்த்ததிலேயே விரிசல் விட்டது, இங்கேயே உருக்கி மறுபடி வார்த்தார்கள். 2,080 பவுண்டு எடை. ‘சுதந்திர மணி’ என்ற பெயர் போர்க்காலத்துப் பெயர் கிடையாது, 1830களில் அடிமை முறையை எதிர்த்தவர்கள் வைத்த பெயர். அதன் மேல் இருக்கும் பைபிள் வாசகம், தேசத்தில் குடியிருக்கிற எல்லாருக்கும் விடுதலை கூறுங்கள் என்பது, அவர்களுக்குத்தான் உறைத்திருக்கிறது.

அந்த மணிக் கட்டடத்தின் வாசலிலேயே கூரையில்லாமல் வெறும் சுவரும் ஜன்னல் சட்டமுமாக ஒரு இடம். நாங்கள் அதைக் கடந்துதான் போனோம், என்னவென்று தெரியாமல். வெளியே வரும்போதுதான் நின்றோம். வாஷிங்டன் ஜனாதிபதியாக 1790 முதல் 1797 வரை குடியிருந்த வீட்டின் அடித்தளம் அது. ஒரு சுவரில் ஒன்பது பெயர் செதுக்கியிருக்கிறார்கள். ஆஸ்டின், பாரிஸ், ஹெர்குலிஸ், கிறிஸ்டோபர் ஷீல்ஸ், ரிச்மண்ட், கைல்ஸ், ஓனி ஜட்ஜ், மால், ஜோ. அந்த வீட்டில் வேலை செய்த அடிமைகள். தரையில் கண்ணாடி வழியாகப் பழைய சமையற்கட்டின் அஸ்திவாரம் தெரிகிறது.

இதற்குப் பின்னால் இருக்கும் கதையை ரூமுக்கு வந்து அப்பாவும் நானும் சேர்ந்து படித்தோம். பென்சில்வேனியாவில் 1780இல் ஒரு சட்டம் வந்தது. வெளி மாநிலத்துக்காரர் அடிமையோடு இங்கே வந்து ஆறு மாதம் தொடர்ந்து தங்கினால் அந்த அடிமை விடுதலை கேட்கலாம். வாஷிங்டன் என்ன செய்தார் என்றால், ஆறு மாதம் முடிவதற்கு முன்னால் அவர்களை மாநில எல்லைக்கு அப்பால் அனுப்பிவிட்டுத் திரும்பக் கூட்டி வந்தார். ஒருமுறை ட்ரென்டனுக்கு. நாங்கள் இன்று காலை தாண்டி வந்த அதே ட்ரென்டன். அந்த ஆட்களுக்கும் ஊருக்கும் காரணம் தெரியாதபடி செய்யவேண்டும் என்று தன் செயலாளருக்கு அவரே கடிதம் எழுதியிருக்கிறார்.

ஓனி ஜட்ஜ், ஓனா என்றும் எழுதுகிறார்கள். வாஷிங்டனின் மனைவி மார்த்தாவுக்குப் பணிவிடை செய்த பெண். மார்த்தாவின் பேத்திக்குக் கல்யாணம் ஆனபோது இவளைச் சீதனமாகக் கொடுப்பது என்று முடிவானது. 1796 மே 21, குடும்பம் ராத்திரிச் சாப்பாட்டில் இருக்கும்போது வீட்டை விட்டு வெளியேறினாள், நியூ ஹாம்ப்ஷையருக்குக் கப்பல் ஏறினாள். பத்து டாலர் பரிசு என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. வாஷிங்டன் ஆள் அனுப்பிப் பார்த்தார், கிடைக்கவில்லை. 1848இல் சாகும் வரை சட்டப்படி அவள் ஓடிப்போன அடிமைதான். வயதான காலத்தில் ஒரு பத்திரிகைக்காரர் கேட்டாராம், அங்கேயே இருந்திருந்தால் இவ்வளவு கஷ்டப்பட்டு உழைத்திருக்க வேண்டாமே, வருத்தம் உண்டா என்று. இல்லை, நான் சுதந்திரமாக இருக்கிறேன் என்றாள்.

அப்பா சுவர் முன்னால் நின்று ஒன்பது பெயரையும் நோட்டில் எழுதினார். மெதுவாக, தமிழில். பின்னால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் காத்துக்கொண்டு நின்றது, அவர் எழுதி முடிக்கும் வரை அந்த டீச்சர் பிள்ளைகளை நகரவிடவில்லை.


இரண்டாம் நாள், அக்டோபர் 15, பிலடெல்பியாவிலிருந்து வெர்ஜீனியாவுக்கு

காலையில் பிராங்க்ளின். அவர் வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை, 1812இல் இடித்தாகிவிட்டது. வீட்டின் உருவத்துக்கு இரும்புச் சட்டம் மட்டும் வெள்ளையாக நிறுத்தியிருக்கிறார்கள், நாமாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். பக்கத்தில் பழைய முறையில் அச்சடித்துக் காட்டும் ஒரு அச்சுக்கூடம் உண்டு. அப்பாவுக்கு மிகவும் பிடித்தது அதுதான். எழுத்துக் கோத்து, மை தடவி, தாளை வைத்து அழுத்தி, பிறகு மெதுவாகத் தாளை உரித்து எடுத்தபோது கை தட்டினார்.

இந்த மனிதரைப் பற்றிப் பேச அப்பாவுக்கு நேரம் போதாது. பாஸ்டனில் மெழுகுவர்த்தி செய்பவரின் வீட்டில் 17 பிள்ளைகளில் 15ஆவதாக 1706இல் பிறந்தவர், அண்ணனின் அச்சகத்தில் வேலை கற்றுக்கொள்ள விட்டார்கள், அங்கிருந்து ஓடி 1723இல் பதினேழு வயதில் இந்த ஊருக்கு வந்தார், பசியில் மூன்று பெரிய ரொட்டி வாங்கி இரண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒன்றைத் தின்றபடி இதே மார்க்கெட் தெருவில் நடந்தார், அதைத் தன் வீட்டு வாசலில் நின்று பார்த்த பெண்தான் பிற்பாடு மனைவி டெபோரா. பத்திரிகை, பஞ்சாங்கம், 1731இல் சந்தா கட்டும் நூலகம், இடிதாங்கி, பிரான்ஸ் தேசத்துக்குத் தூது. 42 வயதில் அச்சுத் தொழிலை விட்டே ஓய்வு பெற்றவர்.

கல்லறை ஆர்ச் தெருவில். மேலே தட்டையான ஒரே கல், பெஞ்சமின், டெபோரா, 1790 என்று மட்டும். மேலெல்லாம் சில்லறைக் காசு, வருகிறவர்கள் போட்டுவிட்டுப் போகிறார்கள். டெபோரா 1774இல் இறந்தபோது அவர் லண்டனில், போய்ப் பத்து வருடம். அந்தம்மாவுக்குக் கடலைத் தாண்டப் பயம். இதெல்லாம் நான் நேற்றுவரை படித்ததில்லை.

நேற்று ராத்திரியிலிருந்து அப்பா கேட்டுக்கொண்டே இருந்த கேள்வி, பிராங்க்ளின் வீட்டிலும் அடிமை உண்டா என்பது. உண்டு. அவருடைய ‘பென்சில்வேனியா கெஜட்’ பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்களும் வந்தன, அதில் காசும் பார்த்தார். ஆனால் கடைசிக் காலத்தில் மாறினார். அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராகி, 1790 பிப்ரவரியில், சாவதற்கு இரண்டு மாதம் முன்னால், அடிமை முறையை ஒழிக்கச் சொல்லிக் காங்கிரசுக்குப் போன மனுவில் கையெழுத்துப் போட்டார். காங்கிரஸ் அதை ஒதுக்கிவிட்டது. எனக்கு இந்த ஐந்து பேரில் பிராங்க்ளினிடம் பிரியம் வருவது இதனால்தான், 84 வயதில் தன் பழைய எண்ணம் தவறு என்று ஊரறியச் சொல்லுவது சாதாரண காரியம் இல்லை.

கிளம்புவதற்கு முன் டெலவேர் ஆற்றங்கரையில் பத்து நிமிடம். அப்பாதான் கூட்டிப் போனார், ஒரு விஷயம் வைத்திருந்தார். 1782இல் பென்சில்வேனியா மாகாணத்தின் போர்க்கப்பல் ஒன்றின் பெயர் ‘ஹைதர் அலி’. அந்த வருடம் ஏப்ரல் 8 அன்று டெலவேர் வளைகுடாவில் ஜோஷுவா பார்னி என்ற கேப்டன் அதைக் கொண்டு ‘ஜெனரல் மாங்க்’ என்ற பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தார். நம் ஊர்ப்பக்கம் பரங்கிப்பேட்டையில் 1781 ஜூலை 1 அன்று பிரிட்டிஷாரோடு மோதிய அதே ஹைதர் அலி. தங்கள் எதிரியை அங்கே ஒருவன் எதிர்க்கிறான் என்று இந்த ஆற்றங்கரைக்காரர்களுக்குச் சேதி எட்டியிருக்கிறது. “பரங்கிப்பேட்டைக்குப் பஸ்ல போவோம்ல, அந்த ஊரும்மா” என்று ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மூன்று மணி நேரம் என்றது மேப், ஐந்து மணி நேரம் ஆனது. வழியில் புளியோதரை.


மூன்றாம் நாள், அக்டோபர் 16, மவுண்ட் வெர்னன்

வாஷிங்டனின் வீடு பொடோமாக் ஆற்றுக்கு மேல் ஒரு மேட்டில். தூரத்திலிருந்து கல் வீடு, கிட்டே போய்த் தட்டினால் மரம். பலகையைக் கல் மாதிரி இழைத்து, பெயிண்ட் ஈரமாக இருக்கும்போதே மணலை வீசி அப்படிச் செய்திருக்கிறார்கள். பின்பக்கம் நீளத் திண்ணை, உயரத் தூண்கள், வரிசையாக நாற்காலி போட்டிருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் உட்காரலாம். ஆறு அகலமாக, சத்தமில்லாமல் போகிறது. இங்கே அரைமணி உட்கார்ந்திருந்தோம்.

நடுக்கூடத்தின் சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு இரும்புச் சாவி. பாஸ்டில் சிறையின் சாவி! அமெரிக்கப் போரில் வாஷிங்டனோடு நின்ற பிரெஞ்சுத் தளபதி லபாயெத் 1790இல் எழுத்தாளர் தாமஸ் பெயின் கையில் கொடுத்து அனுப்பியது. பிரெஞ்சுப் புரட்சியையும் அப்பாதான் நடத்துவார், அடுத்த பாடம் அது. இரண்டு பாடத்துக்கும் நடுவில் ஒரு சாவி தொங்குகிறது என்று சொல்லிவிட்டு அந்தக் கூடத்தைவிட்டு வர மனமில்லாமல் வந்தார்.

மியூசியத்தில் பல்செட். மரப்பல் என்று நாம் எல்லோரும் கேள்விப்பட்டது தவறு. ஈயத்தில் அடித்தட்டு, அதில் தந்தம், மாட்டுப் பல், மனிதப் பல், மேல் தாடையும் கீழ்த் தாடையும் பிரிந்து திறக்க ஸ்பிரிங். 1789இல் பதவி ஏற்றபோது அவர் வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்றுதான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் கை விரலால் எண்ணிவிடலாம், பழுப்பேறி, ஒன்றோடொன்று அளவு ஒவ்வாமல் இருக்கின்றன. பண்ணைக் கணக்கில் 1784 மே மாதம் ஒரு வரி இருக்கிறது, பல் டாக்டருக்காகக் கறுப்பர்களிடம் ஒன்பது பல் வாங்கிய வகையில் ஆறு பவுண்டு இரண்டு ஷில்லிங். அடிமையின் வாயிலிருந்து. அவை வாஷிங்டனுக்குத்தானா என்று அந்த வரியில் இல்லை, யார் பல் என்ற பெயரும் இல்லை. அப்பா நோட்டைத் திறந்தார், எழுத ஒன்றும் இல்லாமல் மூடினார்.

1799இல் இந்தப் பண்ணையில் இருந்த அடிமைகள் 317 பேர். அதில் 123 பேர் வாஷிங்டனுக்குச் சொந்தம், 153 பேர் மார்த்தாவின் முதல் கணவர் வழிச் சொத்து, மீதி பேர் வெளியிலிருந்து வாடகைக்கு எடுத்தவர்கள் முதலியோர். உயிலில் தன் 123 பேரையும் மார்த்தாவின் காலத்துக்குப் பிறகு விடுவிக்கச் சொன்னார், தன்னோடு போர் முழுக்கக் குதிரை மேல் கூடவே வந்த வில்லியம் லீ ஒருவருக்கு மட்டும் உடனே விடுதலை, வருடம் 30 டாலர். மார்த்தா காத்திருக்கவில்லை, 1801 ஜனவரி 1 அன்றே அனுப்பிவிட்டார். மற்ற 153 பேர்? அவர்களை விடுவிக்க வாஷிங்டனுக்கு உரிமை இல்லை, பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்தார்கள். இவர்களுக்குள் கல்யாணம் நடந்திருந்தது, புருஷனுக்கு விடுதலை, பெண்டாட்டி அடிமை. ஓனா ஜட்ஜ் இந்த 153 பேர் பக்கம்தான். ஓடியிருக்காவிட்டால் உயில் அவளைக் காப்பாற்றியிருக்காது.

அந்தக் காலத்து ஜனாதிபதிகளில் இப்படி உயில் எழுதியது அபூர்வம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எனக்கு அவர் மேல் மரியாதை குறையவில்லை. ஆனால் அது வேறு மாதிரி மரியாதை ஆகிவிட்டது, பாரம் கூடிய மரியாதை.

சமையல்காரர் ஹெர்குலிஸ், பிலடெல்பியாச் சுவரில் மூன்றாவது பெயர். ஊரே மெச்சிய சமையல். அவரை இங்கே கூட்டி வந்து மண்வேலைக்கு விட்டார்கள். 1797 பிப்ரவரி 22, வாஷிங்டனின் 65ஆவது பிறந்தநாள் அன்று காணாமல் போனார். சில மாதம் கழித்து இங்கே வந்த பிரெஞ்சு இளவரசரின் ஆள் ஹெர்குலிசின் ஆறு வயது மகளிடம் அப்பாவைப் பார்க்காமல் வருத்தமாக இருக்குமே என்றானாம். இல்லை ஐயா, எனக்கு ரொம்ப சந்தோஷம், அவர் இப்போது சுதந்திரமாக இருக்கிறார் என்றதாம் குழந்தை. இதை நான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டும்போது என்னால் முடிக்க முடியவில்லை.

வாஷிங்டன் கல்லறையிலிருந்து சில நிமிட நடையில் மரங்களுக்கு நடுவே அடிமைகளின் மயானம். பெயர் பொறித்த கல் ஒன்றுகூட இல்லை. மேல் பகுதி முறிந்தது போல் ஒரு சாம்பல் நிறத் தூண், 1983இல் ஹோவர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் வடிவமைத்தது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்றார்.


நான்காம் நாள், அக்டோபர் 17, மான்டிசெல்லோ

மலை உச்சியில் ஜெபர்சன் வீடு. கீழே காரை விட்டுவிட்டு பஸ்ஸில் மேலே ஏற வேண்டும். அப்பா ஐந்து சென்ட் காசு ஒன்றை எடுத்து வைத்திருந்தார், அதன் பின்பக்கம் இருப்பது இந்த வீடுதான். புல்வெளியில் நின்று காசைக் கண்ணருகில் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தார், தூண் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்.

உள்ளே முன்கூடத்தில் வாசலுக்கு மேலே ஒரு பெரிய கடிகாரம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். கடிகாரத்தை ஓட்டுவது பீரங்கிக் குண்டுகள், இரண்டு பக்கமும் கயிற்றில் தொங்குகின்றன. வாரம் முழுவதும் அவை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், சுவரில் ஞாயிறு, திங்கள் என்று கிழமை குறித்திருக்கிறது, குண்டு எதற்கு நேரே நிற்கிறதோ அன்று அந்தக் கிழமை. ஆனால் கூடத்தின் உயரம் போதவில்லை. அதனால் தரையில் வட்டமாகத் துளை போட்டு, குண்டு கீழே நிலவறைக்கு இறங்க விட்டார் ஜெபர்சன். சனிக்கிழமை மேலே இல்லை, தரைக்கு அடியில் இருக்கிறது. அப்பாவுக்குக் குனிய முடியாது, நான் குனிந்து அந்தத் துளையைப் பார்த்தேன், விளிம்பு வழுவழுப்பாக இருந்தது. அப்புறம் கீழே இறங்கிப் போனோம். அங்கே சுவரில் சனிக்கிழமை.

இதே கடிகாரத்துக்கு வீட்டுக்கு வெளியே பார்த்த மாதிரி இன்னொரு முகம் இருக்கிறது. அதில் மணி முள் மட்டும், நிமிட முள் கிடையாது. வயலில் வேலை செய்கிறவர்களுக்கு அது போதும் என்று. மணி அடிக்கக் கூரையில் சீனத்துச் சேகண்டி, மலை முழுக்கக் கேட்குமாம். ஒரே கடிகாரம், உள்ளே இருப்பவருக்கு நிமிடம், வெளியே இருப்பவருக்கு மணி.

ஜெபர்சன் வாழ்நாளில் வைத்திருந்த அடிமைகள் மொத்தம் 607 பேர். 1794இலிருந்து ஆணிப் பட்டறை ஒன்று நடந்தது, வேலை செய்தது பத்திலிருந்து பதினாறு வயதுப் பையன்கள். இதைப் பலகையில் படித்ததும் அப்பா, “ஆறாங்கிளாஸ்லேருந்து பிளஸ் ஒன்” என்றார். அவர் எல்லா வயதையும் வகுப்பாகத்தான் மாற்றிப் பார்க்கிறார், நேற்றே கவனித்தேன்.

வீட்டுக்குப் பக்கவாட்டில், தரைக்கு அடியில் அமைந்த அறை வரிசையில், சாலி ஹெமிங்ஸ் அறை என்று ஒன்று. ராபர்ட் ஹெமிங்சின் தங்கை. 1787இல் ஜெபர்சனின் மகளுக்குத் துணையாகப் பாரிசுக்குப் போனாள். அப்போது வயது 14, மறுபடியும் 14. பிரான்சில் சட்டப்படி விடுதலை கேட்டிருக்கலாம். பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு விடுதலை தருவேன் என்று ஜெபர்சன் வாக்குக் கொடுத்த பிறகே திரும்பி வந்தாள் என்று அவள் மகன் மாடிசன் ஹெமிங்ஸ் பிற்பாடு சொன்னார். ஜெபர்சனுக்கு அவளிடம் ஆறு பிள்ளைகள், நான்கு பிழைத்தன. 1998இல் டிஎன்ஏ சோதனையும் அதற்குச் சாதகமாக வந்தது. சாலிக்கு ஒரு படமோ ஓவியமோ இல்லை. அறைக்குள் ஒரு துணி போட்ட உருவத்தின் மேல் நிழலாட்டமாகக் காட்டுகிறார்கள், முகம் கிடையாது. அவளுடைய அண்ணன் ஜேம்ஸ் பாரிசில் சமையல் கற்றவர், தம்பி பீட்டருக்குக் கற்றுக்கொடுத்த பிறகே 1796இல் அவருக்கு விடுதலை கிடைத்தது. போகும் முன் சமையற்கட்டுச் சாமான் பட்டியல் ஒன்றைத் தன் கையால் எழுதி வைத்தார், அந்தத் தாள் இன்றும் இருக்கிறது.

ஜெபர்சன் 1826 ஜூலை 4 அன்று இறந்தார், அதே நாளில் ஜான் ஆடம்சும். பாடத்தில் அப்பா இதைச் சொல்லும்போது வகுப்பே ஆவென்று கேட்கும். தன் கல்லறைக் கல்லில் மூன்றே விஷயம் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்: பிரகடனம், வெர்ஜீனியாவின் மதச் சுதந்திரச் சட்டம், வெர்ஜீனியா பல்கலைக்கழகம். ஜனாதிபதியாக இருந்ததைச் சேர்க்கவில்லை. கடன் ஒரு லட்சம் டாலருக்கு மேல். அதை அடைக்க அடுத்த ஜனவரியில் 130 பேரை ஏலம் விட்டார்கள். உயிலில் ஐந்து பேருக்கு விடுதலை, அதில் ஒருவர் கொல்லர் ஜோ பாசெட். அவர் சுதந்திரம் பெற்று நிற்க, மனைவி எடித்தும் பிள்ளைகளும் ஏலத்தில். மகன் பீட்டருக்கு அப்போது 11 வயது. தான் அடிமை என்றே தெரியாமல் வளர்ந்து, திடீரென்று ஏலமேடையில் ஏற்றி அந்நியருக்கு விற்கப்பட்டேன் என்று வயதான பிறகு சொன்னார். பிற்காலத்தில் சின்சினாட்டியில் பாதிரியாராகி, 1900இல் ஒருமுறை இந்த மலைக்குத் திரும்பி வந்து பார்த்திருக்கிறார்.

மழை வந்துவிட்டது. பஸ்ஸில் இறங்கும்போது அப்பா ஒன்றும் பேசவில்லை. காருக்குள் உட்கார்ந்த பிறகு, “நான் பாடத்த தப்பா நடத்தலம்மா, ஆனா பாதிதான் நடத்திருக்கேன்” என்றார். புத்தகத்தில் அவ்வளவுதானே அப்பா இருந்தது என்றேன். “அது சரிதான்” என்றார், வேறு எதுவும் சொல்லவில்லை.


ஐந்தாம் நாள், அக்டோபர் 18, யார்க்டவுன்

நாளைக்கு அக்டோபர் 19, 1781இல் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்த நாள். ஒவ்வொரு வருடமும் இங்கே ஊர்வலம் உண்டு, ஊருக்குள் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். லீவு முடிவதால் எங்களால் தங்க முடியாது.

போர்க்களம் பெரிய புல்வெளி, நடுநடுவே மண்மேடும் பள்ளமும். கடலை பிரெஞ்சுக் கப்பற்படை அடைத்துவிட்டது, தரையில் வாஷிங்டனும் பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போவும். அக்டோபர் 14 இரவு ஒன்பதாம், பத்தாம் எண் அரண்களைப் பிடித்தார்கள், பத்தாவதை ஹாமில்டன் தலைமையில், துப்பாக்கியில் குண்டு போடாமல் முனையில் கத்தி மட்டும் செருகிக்கொண்டு, பத்து நிமிடத்தில். அப்பாவின் கரும்பலகையில் ஐந்தாவது பெயர். அந்த அரணில் பாதியை யார்க் ஆறு அரித்துத் தின்றுவிட்டது.

சரணடைந்த மைதானத்தில் எங்களைத் தவிர ஆள் இல்லை. உடம்பு சரியில்லை என்று கார்ன்வாலிஸ் வரவில்லை, ஓஹாரா என்ற தளபதியிடம் வாளைக் கொடுத்து அனுப்பினார். ஓஹாரா ரோஷாம்போவிடம் நீட்ட, அவர் வாஷிங்டனைக் காட்ட, வாஷிங்டன் தன் துணைத் தளபதி லிங்கனைக் காட்டினார். அப்பா அதை எனக்கு நடித்தே காட்டினார், கையில் குடை வாளாக.

அதே கார்ன்வாலிஸ் ஐந்து வருடத்தில் இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலாக வந்தார். 1792இல் திப்புவின் இரண்டு பிள்ளைகளைப் பிணையாகப் பிடித்துப் போனது அவர்தான். சென்னைக் கோட்டை மியூசியத்தில் அவர் சிலை இருக்கிறது, பீடத்தில் அந்தப் பிள்ளைகளை ஒப்படைக்கும் காட்சி. பள்ளிச் சுற்றுலாவில் நாங்கள் பார்த்ததுதான். இந்தப் புல்வெளிக்கும் நம் ஊருக்கும் இன்னொரு முடிச்சும் உண்டு. பிரான்ஸ் இந்தப் போரில் சேர்ந்ததால் சண்டை கடல் தாண்டிப் பரவியது, 1783 ஜூனில் கடலூரில் பிரெஞ்சுக்காரர்களை பிரிட்டிஷ் படை முற்றுகையிட்டது, கடலில் பிரெஞ்சுக் கப்பற்படைத் தளபதி சுப்ரேன் சண்டை போட்டார். சமாதானம் ஆகிவிட்டது என்ற சேதி வந்து சேர்ந்த பிறகே நின்றது. கடைசி குண்டுகள் வெடித்தது எங்கள் ஊரில்.

ஜேம்ஸ் என்ற அடிமையைப் பற்றியும் இங்கே தெரிந்துகொண்டோம். லபாயெத்துக்காகக் கார்ன்வாலிஸ் முகாமுக்குள் போய் உளவு சொன்னவர். போரில் சிப்பாயாக இருந்த அடிமைகளுக்கு விடுதலை தரும் சட்டத்தில் உளவாளிக்கு இடமில்லை. 1784இல் லபாயெத் கைப்பட ஒரு சான்று எழுதிக் கொடுத்தார், அதைக் காட்டி மனுப் போட்டு 1787இல்தான் விடுதலை. பெயரையே ஜேம்ஸ் லபாயெத் என்று மாற்றிக்கொண்டார். 1824இல் லபாயெத் வெர்ஜீனியா வந்தபோது கூட்டத்தில் இவரை அடையாளம் கண்டு கட்டிப்பிடித்தாராம்.

சுதந்திரம் கிடைக்கும் என்று நம்பி பிரிட்டிஷ் பக்கம் ஓடிவந்த கறுப்பர்கள் ஆயிரக்கணக்கில். உணவு குறைந்ததும், அம்மை கண்டவர்களை கார்ன்வாலிஸ் முகாமிலிருந்து விரட்டிவிட்டார், காட்டுக்குள் செத்துக் கிடந்தார்கள். 1781 ஏப்ரலில் மவுண்ட் வெர்னனிலிருந்து 17 பேர் ‘சாவேஜ்’ என்ற பிரிட்டிஷ் கப்பலில் ஏறிப் போயிருந்தார்கள். யார்க்டவுன் விழுந்ததும் அதில் லூசி, எஸ்தர் என்ற இரண்டு இளம் பெண்கள் பிடிபட்டு வாஷிங்டனிடம் திரும்பினார்கள். ஒரு நாடு சுதந்திரம் அடைந்தது இந்த வெற்றியால். அவர்கள் இரண்டு பேரின் சுதந்திரம் முடிந்ததும் இதே வெற்றியால். இதை நான் மொபைலில் படித்துச் சொல்லச் சொல்ல அப்பா புல்லில் உட்கார்ந்துவிட்டார், பிறகு நோட்டை முட்டி மேல் வைத்து இரண்டு பெயரையும் எழுதினார்.

இப்போது இரவு பத்தேகால், அப்பா பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய பழைய மாணவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள், அங்கே இப்போது காலை ஏழே முக்கால். வாய்ஸ் மெசேஜ் போட்டுக்கொண்டிருக்கிறார், வகுப்பில் பேசும் அதே குரல். “எல்லாரும் நல்லா இருக்கீங்களா? அமெரிக்க சுதந்திரப் போர் பாடத்துல நான் சொல்லாம விட்ட பேர் கொஞ்சம் இருக்கு, எழுதிக்குங்க. ராபர்ட் ஹெமிங்ஸ், பதினாலு வயசு. அடுத்தது ஆஸ்டின். பாரிஸ். ஹெர்குலிஸ். கிறிஸ்டோபர் ஷீல்ஸ்.” ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் எழுத நேரம் விடுகிறார்.